வலைக்கண்ணைப் பார்த்து வாங்குங்கள்: பெங்களூர் மாடிக்கும் வாடகைப் பாத்திக்கும் ஏற்ற வலைகள்

காய்கறிச் செடிக்கு வலை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "அடி என்ன விலை?" என்றுதான். அதற்கு முன்னால் வீட்டிலேயே விடை தேட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: செடியைத் தின்பது யார்? புறாவுக்குப் போட்ட வலையில் வெள்ளை ஈ தாராளமாக நுழையும். வெள்ளை ஈக்குப் போட்ட வலையை அணில் ஒரே மதியத்தில் கடித்துப் பொத்தல் ஆக்கிவிடும். பெங்களூரில் மொட்டை மாடியில் முப்பது பை வைத்திருப்பவருக்கும், சர்ஜாபூர், கனகபுரா சாலைப் பக்கம் மாத வாடகைக்கு நாலு பாத்தி எடுத்து சனி ஞாயிறு போய்ப் பார்ப்பவருக்கும் எதிரிகள் வேறு. வலையும் வேறுதான்.

கடைக்காரர்கள் சொல்லாத விதி ஒன்று: எதிரியைத் தடுக்கப் போதுமான அளவுக்குக் கண் சிறியதாக இருந்தால் போதும், அதைவிடச் சிறியது வாங்கக் கூடாது. கண் சிறுக்கச் சிறுக்க வெளிச்சமும் காற்றும் குறையும், விலை ஏறும், காற்றடிக்கும்போது கம்பி தாங்க வேண்டிய பாரமும் கூடும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 60 மெஷ் என்ற மிகப் பொடிக் கண் வலையைக் கீரைப் பாத்திக்குப் போடுவது காசைக் கொடுத்துப் பூஞ்சையை வாங்குவது.

சேதத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம். கோஸ், காலிஃபிளவர் இலைகள் கிழிந்து நடு நரம்பு மட்டும் நின்று, பக்கத்தில் வெள்ளை எச்சம் கிடந்தால் அது புறா. இலையில் ஓட்டையும் பச்சை நிற உருண்டைப் புழுக்கையும் இருந்தால் புழு. ஓட்டை விழாமல், ஒரு பக்கத் தோல் மட்டும் மெல்லிய கண்ணாடிக் காகிதம்போல் மிஞ்சி நின்றால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் சின்னப் புழு. தக்காளி சிவக்கத் தொடங்கும்போது கூராகக் கொத்திய குழி கொண்டைக்குருவியின் வேலை. மிளகாயையும் அவரையையும் உரித்துக் கீழே சிதறவிட்டுப் போவது கிளி. பகலில் பழத்தின் ஒரு பக்கம் மட்டும் கரண்டியிருந்தால் அணில், இரவோடு இரவாகக் காய் காணாமல் போனால் எலி அல்லது பெருச்சாளி. கத்தரியின் கொழுந்து திடீரென்று தலை தொங்கினால் தண்டுக்குள் துளைப்பான் புகுந்திருக்கிறது.

தக்காளி இலை சுருங்கி, ஓரம் மஞ்சளாகி, செடி குட்டையாக நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருட்டு வைரஸ். அந்தச் செடிக்கு இனி வலை போட்டுப் பயனில்லை, பிடுங்கிவிட வேண்டியதுதான். மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இந்த இரண்டுக்கும் வீட்டு அளவில் வலை தீர்வே அல்ல. இலைப்பேனைத் தடுக்கும் கண் 0.2 மி.மீ. அளவுக்கு வர வேண்டும். அத்தனை நெருக்கமான துணிக்குள் மாடி வெயிலில் மிளகாய்ச் செடி வெந்துபோகும். புறநகர்ப் பாத்திகளில் மழைக்காலத்தில் வரும் ஆப்பிரிக்கப் பெருநத்தைக்கும் வலை கிடையாது. டார்ச் வெளிச்சத்தில் கையால் பொறுக்குவதுதான்.

கண் அளவு, மெஷ் கணக்கு

பூச்சிவலையில் 40 மெஷ் என்றால் ஓர் அங்குல நீளத்தில் 40 கண்கள். இழையின் தடிமனைக் கழித்தால் கண் சுமார் 0.4 மி.மீ. வரும். வெள்ளை ஈயில் பெரும்பகுதியை இது தடுக்கும். 50 மெஷ் இன்னும் உறுதி. தக்காளி, வெண்டை, மிளகாய் நாற்றுகளுக்கு 40 முதல் 50 மெஷ் போதும். இலைக்குள் வெள்ளைக் கோடு கிழிக்கும் இலைச்சுரங்க ஈயும் அசுவினியும் இதிலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கிக்கு இவ்வளவு நெருக்கம் வேண்டாம். அங்கே தடுக்க வேண்டியது அந்துப்பூச்சிகள். 1 மி.மீ. சுற்றி இருக்கும் கண் போதும். ஜன்னலுக்கு அடிக்கும் ஃபைபர் கொசுவலை ஏறக்குறைய இந்த அளவுதான், 1.2 மி.மீ. பக்கம் வரும். முளைக்கீரை, சிறுகீரையில் இலையை மடித்துக் கூடு கட்டும் புழுவுக்கும் இதுவே போதுமானது. ஆனால் படுக்கைக்கு மேலே கட்டும் பாலியஸ்டர் கொசுவலை வெயில் தாங்கும் சரக்கு அல்ல. ஒரு கோடை போனதும் விரலால் இழுத்தாலே கிழியும், பொடிப்பொடியாக மண்ணில் கலக்கும். அவசரத்துக்கு மூன்று மாதக் காலிஃபிளவருக்குப் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வருடத்துக்கு அதை நம்ப வேண்டாம். பழைய பருத்திப் புடவை, வேட்டி போர்த்துவதும் உண்டு. மழையில் நனைந்து கனத்து நாற்றை அமுக்கிவிடும் என்பதால் அது பகல் வெயிலுக்கு மறைப்பாக மட்டும் சரி.

கடையில் "50 மெஷ்" என்று விற்கும் வலையை இரண்டு பக்கமும் எண்ண வேண்டும். நீளவாக்கில் அங்குலத்துக்கு 50 இழையும் குறுக்குவாக்கில் 25 இழையும் உள்ள நெசவு சந்தையில் சாதாரணம். கண் சதுரமாக இல்லாமல் நீள்சதுரமாக, ஏறக்குறைய 0.27க்கு 0.78 மி.மீ. என்று இருக்கும். இது ஏமாற்று அல்ல. குறுகிய பக்கம் பூச்சியைத் தடுக்கிறது, நீண்ட பக்கம் காற்றை விடுகிறது. ஆனால் இரு பக்கமும் 50 இழை உள்ளதை வாங்கியவருக்கும் இதை வாங்கியவருக்கும் பலன் ஒன்றாக இருக்காது. ஸ்கேலை வலைமேல் வைத்து மொபைலில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் இழையை எண்ணிவிடலாம். மொத்தமாக விற்கும் கடைகளில் மாதிரித் துண்டு கேட்டால் தருவார்கள்.

அதே துண்டில் இன்னும் இரண்டு சோதனை உண்டு. நகத்தால் இழையைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். இழைகள் விலகிக் கண் பெரிதானால் அந்த நெசவு தளர்ந்தது. காற்றில் நாலு நாள் அடித்துக்கொண்டாலே ஓட்டைகள் விழும். அடுத்து, ஒரு சதுர மீட்டரை அளந்து சமையலறைத் தராசில் நிறுத்தால் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது, தெரிந்துவிடும். பில்லில் எழுதிய எண்ணும் தராசு காட்டும் எண்ணும் பத்து கிராம் அளவில் வேறுபட்டால் விட்டுவிடலாம், முப்பது நாற்பது குறைந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். வெயில் தாங்குவதற்கான யூவி பாதுகாப்பு எத்தனை வருடம் என்று வாயால் சொல்வதைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அது ஒரு கோடைச் சரக்கு.

ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்கள் அதிகம். அங்கே கழற்றிய பழைய பூச்சிவலை மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் மடிப்பின் மேல்பகுதியையும் ஓரத்தையும் தனித்தனியே இழுத்துப் பார்க்க வேண்டும். வெயில் பட்ட நடுப்பகுதி உளுத்திருக்கும், ஓரம் புதிதுபோல் இருக்கும், கடைக்காரர் காட்டுவது ஓரத்தைத்தான். கொண்டுவந்ததும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைக்காமல் செடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பழைய பயிரின் பூச்சி முட்டையும் கூடவே வரும்.

பறவைக்கு வலை

அடுக்குமாடிப் பால்கனிகளில் புறாவுக்குக் கட்டும் கண்ணாடி நிற நைலான் வலையை அப்படியே பாத்திமேல் விரிப்பதுதான் நகரத்தில் அதிகம் நடக்கும் தவறு. அதன் கண் ஒன்றரை, இரண்டு அங்குலம். புறா வராது என்பது சரி. கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் உள்ளே போய்விடும், வெளியே வரும் வழி தெரியாமல் சிக்கும். தரையோடு தொய்ந்து கிடந்தால் ஓணானும் சாரைப் பாம்பும் கழுத்தில் மாட்டி வெயிலில் சாகும். எலியைப் பிடிக்க வரும் சாரையை நாமே கொல்வதில் தோட்டத்துக்கும் நட்டம்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல் வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண், முழுதாக இழுத்துப் பிடித்த நிலையிலும் 5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே உண்டு. இங்கே அப்படி விதி இல்லாவிட்டாலும் அளவு நல்ல அளவு. சுண்டுவிரல் நுழையாத வலையில் பறவை மாட்டாது.

சின்னப் பாத்திக்கு 5 மி.மீ.க்குக் குறைந்த கண்ணே என் தேர்வு. பெரிய பரப்புக்கு அது கட்டுப்படியாகாது என்றால் 15 முதல் 20 மி.மீ. கண் வைத்து, தடித்த இழையில், அச்சில் வார்த்த விறைப்பான கறுப்பு வலையை எடுக்கலாம். மெல்லிய பின்னல் வலை வேண்டாம். கறுப்பில் கார்பன் கலந்திருப்பதால் வெயிலில் நீடித்து உழைக்கும். நான்கு ஓரத்திலும் 4 மி.மீ. கயிற்றைக் கண்ணுக்குள் கோத்து, தட்டினால் எழும்பும் அளவுக்கு இழுத்துக் கட்டுங்கள். செடிக்கும் வலைக்கும் நடுவில் அரை அடியாவது இடைவெளி இருக்கட்டும். இல்லையென்றால் கிளி வலைமேல் உட்கார்ந்தே அவரையைக் கொத்தும். தரையில் இடுக்கு விடக் கூடாது. வாரம் ஒருமுறை மட்டும் போகிற வாடகைப் பாத்திக்குப் பெரிய கண் வலை கட்டாமல் இருப்பதே மேல், காலையில் பார்த்து எடுத்துவிட ஆள் இல்லை. ஏதாவது சிக்கியிருந்தால் இழுக்காமல், தலையைத் துணியால் மூடி, இழையைக் கத்தரியால் வெட்டுங்கள். பாம்பு என்றால் கையே வைக்காமல் மீட்பவரைக் கூப்பிடுங்கள். அடிபட்ட பறவைகளுக்குக் கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் மருத்துவமனை இருக்கிறது.

கொத்தமல்லி, வெந்தயம் முளைக்கும் பத்து நாளுக்குத்தான் புறாத் தொல்லை. அதற்குத் தனியாக வலை வாங்கத் தேவையில்லை. கோழிக்கூட்டுக் கம்பிவலைத் துண்டை வளைத்துப் பாத்திமேல் கவிழ்த்துவிட்டு, இலை இரண்டு அங்குலம் வந்ததும் எடுத்துவிடலாம்.

பல் இருக்கும் எதிரிக்கு நூல் எதுவும் தாங்காது. அணிலுக்கு அரை அங்குலக் கண் உள்ள கால்வனைஸ் வெல்ட் மெஷ் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பிவலை), சுண்டெலிக்குக் கால் அங்குலம். பெருச்சாளி தோண்டி வருவதால் மண்ணில் கம்பிவலையை ஒரு அடி ஆழம் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக அரை அடி மடித்துப் புதைக்க வேண்டும். நேராக மட்டும் இறக்கினால் அடியைத் தொட்டதும் அதற்குக் கீழே தோண்டும். வெளியே மடித்திருந்தால் தோண்டத் தொடங்கும் இடத்திலேயே கம்பி தடுக்கும். குரங்கு வரும் பகுதி என்றால் மேல்பக்கமும் மூடிய கம்பிக் கூண்டு தவிர வேறு வழியில்லை. நூல் வலையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகும்.

எந்தப் பயிருக்கு எப்போது மூடுவது

வலை பூச்சியைத் தடுக்கும்போது தேனீயையும் தடுக்கிறது. அதனால் இலையும் கிழங்கும் தரும் பயிர்களுக்கு விதைத்த நாள் முதல் அறுவடை வரை மூடியே வைக்கலாம். கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கீரைகள் எல்லாம் இந்த வகை. இலை வலையைத் தொடக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. தொட்டால் அந்துப்பூச்சி வெளியே உட்கார்ந்தபடியே கண் வழியாக இலையில் முட்டை வைக்கும். கோஸுக்குப் பெரிய பரப்பில் வலை கட்டுப்படியாகாதவர்கள், ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்த கடுகு முறையைப் பார்க்கலாம். 25 வரிசை கோஸுக்கு இரட்டைக் கடுகு வரிசை. வைரமுதுகு அந்துப்பூச்சி முதலில் கடுகைத்தான் தேடிப் போகும்.

தக்காளி, கத்தரி, மிளகாய், குடைமிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் வலைக்குள் காற்றும் வண்டும் இல்லாததால் யாராவது உலுக்க வேண்டும். காலை பத்து, பதினொரு மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டினால் போதும். கத்தரிப் பூவுக்கு அதிர்வு இன்னும் வேண்டும், பழைய மின் பல்துலக்கியின் பின்பக்கத்தைக் காம்பில் இரண்டு விநாடி வைத்தால் மகரந்தம் கொட்டுவது கண்ணுக்கே தெரியும்.

தக்காளிக்கு முழுக்காலமும் மூட வேண்டியதில்லை. வைரஸ் இளம் செடியில் தொற்றினால்தான் மொத்தமாகக் கெடுக்கும். நாற்று 25, 30 நாள் 40 மெஷுக்குள் வளரட்டும். நட்ட பிறகு இன்னும் ஒரு மாதம் மூடியிருந்தால் செடி தேறிவிடும், பூ நிறைய வந்ததும் கழற்றிவிடலாம். வெண்டையிலும் மஞ்சள் நரம்புத் தேமலைக் கொண்டுவருவது வெள்ளை ஈதான். ஆறடி உயரப் போகும் செடியை மூடுவதைவிட அர்கா அனாமிகா போன்ற எதிர்ப்புள்ள ரகத்தை விதைப்பது எளிது.

கத்தரித் துளைப்பானுக்கு வலை நன்றாக வேலை செய்யும். ஆனால் அதே மண்ணில் போன பருவமும் கத்தரி இருந்திருந்தால் பலிக்காது. அதன் கூட்டுப்புழு பழைய சருகிலும் மேல்மண்ணிலும் இருக்கும். மேலே வலையைப் போட்டு மூடினால் அந்துப்பூச்சியை உள்ளேயே வைத்துப் பூட்டியதாகும். நாற்றுக்கடையிலிருந்து வாங்கிய செடியும் அப்படித்தான். இலையின் அடியில் வெள்ளை ஈக் குஞ்சுகள் செதில்போல் ஒட்டியிருக்கும், பறக்காது என்பதால் கண்ணில் படாது. வாங்கியதும் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் தனியாக வைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துப் பிறகுதான் வலைக்குள் விட வேண்டும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய ஒன்றிரண்டு மில்லி சோப்புத் திரவம், மாலை நேரம்.

பூசணி, பாகல், புடல், பீர்க்கு, சுரை, வெள்ளரி ஆகிய கொடிகளை மூடவே கூடாது. ஆண் பூ தனி, பெண் பூ தனி, தேனீ போன்ற பூச்சிகள் வராமல் காய் இல்லை. அங்கே எதிரி பழ ஈ. பிஞ்சில் ஊசிபோல் குத்தி முட்டை வைக்கும், காய் கோணி, பழுத்து, அழுகி விழும். கொடியைத் திறந்து விட்டுக் காயை மட்டும் மூடுவதுதான் சரியான வழி. பெண் பூவின் இதழ் வாடிய அன்றே பையை மாட்டி விடுங்கள். கல்யாணத்தில் தாம்பூலத்துக்குக் கொடுக்கும் மெல்லிய வலைப் பைகள் பாகல், வெள்ளரிக்கு அளவாக இருக்கும், நாடாவை இழுத்தால் வாயும் மூடிக்கொள்ளும். புடலைக்கு நீளக் குழாயாகத் தைக்க வேண்டும். பை காயோடு ஒட்டி இறுகிவிட்டால் ஈ பைமேல் உட்கார்ந்தே குத்தும், அதனால் காய் வளரும் அளவைக் கணக்கிட்டு ஒரு அளவு பெரியதாக மாட்டுங்கள். வாசனையால் பழ ஈயைக் கவரும் க்யூ லூர் பொறி ஆண் ஈக்களை மட்டும்தான் இழுக்கும். பையோடு சேர்த்து அதையும் தொங்கவிட்டால் நல்லது, பைக்குப் பதிலாக அல்ல.

பாத்தி மூடியிருக்கும் வலையைத் திறக்கும் நேரத்திலும் கணக்கு உண்டு. வெள்ளை ஈ அதிகம் பறப்பது முற்பகலில், எனவே தக்காளிப் பாத்தியை மாலையில் திறங்கள். அந்துப்பூச்சி அந்தி சாய்ந்தபின் கிளம்பும், கோஸ் பாத்தி வேலையைக் காலையில் முடியுங்கள். உள்ளே ஒரு மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கினால் ஓட்டை விழுந்த சேதி முதலில் அதில் தெரியும்.

சட்டமும் அளவும்

மண்ணில் 3 அடி அகலம், 12 அடி நீளப் பாத்திக்கு வளைவுக் கூடாரம் கணக்கு இப்படி வரும். மின்வயர் போடும் 20 மி.மீ. பிவிசி குழாய் 3 மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. அதை ஏழே முக்கால் அடிக்கு வெட்டி வளைத்தால் நடுவில் ஏறக்குறைய 3 அடி உயரம் வரும். மூன்றடிக்கு ஒன்று வீதம் ஐந்து வளைவு. ஒவ்வொரு காலுக்கும் 12 மி.மீ. கம்பியில் இரண்டடித் துண்டு, ஒரு அடி மண்ணுக்குள், ஒரு அடி குழாய்க்குள். உச்சியில் நீளவாக்கில் ஒரு குழாயைக் கட்டாவிட்டால் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும். வலையின் அகலம்: வளைவு ஏழே முக்கால், இரு பக்கமும் புதைக்க ஒவ்வொரு அடி, ஆக பத்தடி அகல வலை சரியாக உட்காரும். நீளம்: 12 அடியோடு முனைகளுக்கு உயரம் 3 அடி, புதைக்க ஒரு அடி, இரண்டு முனைக்கும் சேர்த்து 8. மொத்தம் 20 அடி. பாத்தியின் நீளத்துக்கே வலை வெட்டி வாங்கிவந்து முனை மூடப் போதாமல் நிற்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

ஒரு நீளப் பக்கத்தை நிரந்தரமாக மண்ணில் புதைத்துவிட்டு, மறுபக்கத்தை மணல் நிரப்பிய குழாய்ப் பையால் அழுத்திவைத்தால் திறந்து மூட எளிது. செங்கல் வைத்தால் இரண்டு செங்கல்லுக்கு நடுவில் வலை எழும்பிக்கொள்ளும். வெட்டிய ஓரத்தைச் சூடான சால்டரிங் கம்பியால் ஓட்டினால் இழை பிரியாது. வசதியானால் ஷாமியானா தைப்பவரிடம் கொடுத்து ஓரத்தில் நாடா வைத்துத் தைத்து, இரண்டடிக்கு ஒரு வளையம் அடித்துக்கொள்ளலாம். அப்படித் தைத்த வலை கிழிவதே அரிது.

மாடி வேறு விஷயம். தளத்தில் துளை போடக் கூடாது, நீர்க்காப்புப் பூச்சு போனால் கீழ்வீட்டுச் சீலிங்கில் தெரியும். ஆறடி உயரச் சட்டத்தை ஒரு அங்குல ஜிஐ குழாயில் செய்து, அடிச்சட்டத்தின்மேல் கனமான பைகளையும் கான்கிரீட் பிளாக்குகளையும் ஏற்றி நிறுத்த வேண்டும். 6 அங்குல சாலிட் பிளாக் ஒன்று 20 கிலோவுக்கு மேல் வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பெங்களூர் மாடிக்கு அப்படியே பொருந்தும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேல்காற்று விடாமல் அடிக்கும் ஊர் இது. மணிக்கு 60 கி.மீ. காற்று அடைப்பான பரப்பில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ தள்ளும். ஆறுக்குப் பத்தடிப் பக்கம் ஒன்று ஐந்தரைச் சதுர மீட்டர், கண்களின் வழியே காற்று போவதைக் கழித்தாலும் நாற்பது கிலோ பக்கம் வரும். தூசி படிந்து மழையிலும் நனைந்த வலை என்றால் இன்னும் கூடும். எனவே எடையைக் காற்று வரும் மேற்குப் பக்கத்தில் ஏற்றுங்கள், அதையும் சுவருக்கும் பீமுக்கும் மேலே வருமாறு. மேற்குப் பக்கத்தைக் கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு மேல் எழுப்பாமல் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வெள்ளை கேபிள் டை ஒரு கோடைக்குள் முறியும், கறுப்பு வாங்குங்கள். காற்று மிஞ்சினால் வலை கழன்று வர வேண்டும், சட்டம் பெயரக் கூடாது. அதற்காகவே மேற்கு ஓரத்தில் மட்டும் கிளிப், மற்ற பக்கம் கயிறு.

நிழலும் வெக்கையும்

பூச்சிவலையையும் ஷேட் நெட்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. 50 சதவீத ஷேட் நெட்டின் கண்ணில் வெள்ளை ஈ சிரமமின்றிப் போகும். அது வெயிலுக்கு மட்டும். மார்ச் முதல் மே வரை கீரைக்கும் கொத்தமல்லிக்கும் 50 சதவீதம், தக்காளி கத்தரிக்கு 35க்கு மேல் வேண்டாம், மிளகாய்க்கு மதியம் மட்டும். மழைக்காலம் தொடங்கியும் கழற்றாமல் விட்டால் செடி நெட்டையாக நீண்டு பூ உதிர்க்கும். கடையில் சொல்லும் சதவீதத்தை மொபைலில் லக்ஸ் மீட்டர் செயலி வைத்தே சோதிக்கலாம். வெளியே ஒரு அளவு, வலைக்குக் கீழே ஒரு அளவு, 50 என்றால் பாதியாக வேண்டும். இரண்டு 50 சதவீத வலையை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் முழு இருட்டு ஆகாது, 75 சதவீதம் ஆகும். பச்சை நிறம்தான் எங்கும் கிடைக்கிறது, காய்கறிக்கு வெள்ளை நல்லது, ஒளியைப் பரப்பிவிடும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரத்தில் ஷேட் நெட்டுக்கு ஐஎஸ் 16008 என்று எண் உண்டு, சுருளின் சீட்டில் தேடிப் பாருங்கள். ஏப்ரல், மே ஆலங்கட்டி மழைக்கும் இதே வலை கைகொடுக்கும், சமமாகக் கட்டாமல் ஒரு பக்கம் சரிவாகக் கட்டியிருந்தால். சமமாக இருந்தால் ஆலங்கட்டி நடுவில் குவிந்து கம்பியோடு இறங்கும்.

40 மெஷுக்குள் வெளியைவிட ஓரிரு டிகிரி சூடும் நிறைய ஈரமும் இருக்கும். பெங்களூர்க் கோடை 35 டிகிரிப் பக்கம் என்பதால் சூடு பெரிய கவலையில்லை. செப்டம்பர், அக்டோபர் மழைதான் கவலை. நனைந்த கண்ணில் தண்ணீர்ப் படலம் நின்று காற்றே போகாது, இலைக்கருகலும் அடிச்சாம்பலும் வந்துவிடும். மழை நின்றதும் வலையைத் தட்டி உதறுங்கள், செடிகளைத் திறந்தவெளியில் நடுவதுபோல் இடைவெளி விட்டு நடுங்கள், அடியிலைகளைக் கிள்ளிவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் வறட்சியில் நேர்மாறு: மழை இல்லாததாலும் வலைக்குள் பொறிவண்டு வராததாலும் செஞ்சிலந்தியும் அசுவினியும் பெருகும். வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சினாலே செஞ்சிலந்தி பாதி குறையும். அசுவினி தென்பட்டால் வலையை ஒரு வாரம் திறந்துவிட்டு பொறிவண்டை உள்ளே விடுவதும் நல்ல முடிவுதான்.

கட்டடத் தூசி இந்த நகரத்தில் தீராத விஷயம். மெட்ரோ வேலையோ அடுக்குமாடி வேலையோ பக்கத்தில் நடந்தால் ஒரே மாதத்தில் 40 மெஷ் சாம்பல் நிறமாகி, வெளிச்சம் கண்கூடாகக் குறையும். மாதம் ஒருமுறை உட்பக்கத்திலிருந்து வெளியே போகும்படி குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், பிரஷ் போட்டுத் தேய்த்தால் இழை விலகும். ஓட்டைக்கு அதே வலைத் துண்டை வைத்து மீன்பிடி நூலால் தைத்தால் போதும், செலோ டேப் இரண்டு வெயில் தாங்காது. பருவம் முடிந்ததும் உலர்த்தி, மடிக்காமல் குழாயில் சுருட்டி, மூடியுள்ள டிரம்மில் போட்டு வையுங்கள். படிக்கட்டு அடியில் மூட்டையாகக் கட்டிப் போட்டால் எலி அதில் குட்டி போடும்.